மூக்கு நுனியில் சேறு

அக்காவுக்கு,

நலமா என்று எழுதிவிட்டு அரை மணி நேரமாகப் பேனாவைக் கடித்துக்கொண்டிருக்கிறேன். ஆறு வருடம் கழித்து எழுதுகிறவள் வேறு என்னத்தைக் கேட்பாள்? பறவையைப் பற்றியே சொல்லிவிடுகிறேன்.

தெற்குச் சதுப்பில் இன்று இலையுதிர்காலப் பறவைக் கணக்கெடுப்பு. கொசு உள்ளான் குருவிகள் நூற்றுக்கணக்கில் மேய்ந்துகொண்டிருந்தன. நடுவே ஒன்று மட்டும் தலையை இடமும் வலமும் ஆட்டி, தரையைப் பெருக்குகிற மாதிரி நடந்து வந்தது. சிட்டுக்குருவி அளவு உடம்பு. மூக்கு நுனியில் சின்னஞ்சிறு கரண்டி.

ஆறு வருடம் முன்னால் இதே சதுப்பில் நீ இப்படி ஒன்றைக் காட்டியபோது நான் பேசிய வாய்க்கொழுப்பு உனக்கு மறந்திருக்காது. "சேறு ஒட்டியிருக்கும்க்கா, முதல்ல கண்ணாடிய மாத்து" என்று எல்லோர் முன்னாலும் சிரித்து, பதிவேட்டில் 'கரண்டி மூக்கு' என்று நீ எழுதியதை அடித்தவள்தானே நான்! இன்றும் சேறு உதிரட்டும் என்றுதான் காத்திருந்தேன். அது தண்ணீரில் இறங்கி மூக்கை நன்றாக அலசியது. நிமிர்ந்தபோது கரண்டி அப்படியே இருந்தது.

என்ன அழகுக்கா! ஆயிரம் பறவைக்கு நடுவே, தொலைநோக்கிகூட இல்லாமல் அன்று இதைப் பிடித்ததே உன் கண், அதை என்னவென்று சொல்ல?

கூட வந்த பல் டாக்டர் குதித்தார். "இங்க இதுதான் முதல் தடவை, எழுதுங்க, எழுதுங்க!"

நான் "இரண்டாவது முறை" என்று எழுதினேன்.

"அப்ப முதல்ல பாத்தது யாரு?"

"எங்க அக்கா."

இன்னும் நாலு நாளாவது அது இங்கே இருக்கும் போலிருக்கிறது. வாயேன். அந்தப் பழைய கண்ணாடியையே போட்டுக்கொண்டு வா.

உன் தங்கை