கீல் உடைந்த கல்

இன்று காலை ஜன்னல் வழியே சாரல் அடித்து, என் மேசையில் இருக்கும் உன் கல்லை நனைத்துவிட்டது. காய்ந்திருக்கும்போது வெறும் சாம்பல் நிறம். நனைந்ததும் விசிறி மடிப்பு போல, அதில் பதிந்திருக்கும் ஓட்டின் கோடுகள் எழுந்து வந்தன. துடைக்கப் போன கையை எடுத்துக்கொண்டேன்.

கல்லாகிப்போன கடல் உயிர்களை ஆராய்ந்தவன் நீ. அந்தக் கோடுகளைப் பார்க்கத்தான் கல்லை நக்குவாய். பெங்களூர் ஈஜிபுரா டீக்கடையில் ஒரு நாள் அப்படிச் செய்தபோது கடைக்காரர் பதறிவிட்டார்.

"பிஸ்கட் இருக்குல்ல சார், கல்லு யாக்கே, எதுக்கு?"

"இது நம்ம ஊர்க் கல்லு இல்லப்பா. பெங்களூர்ப் பாறை, சிப்பி நத்தையெல்லாம் உண்டாகறதுக்கு ரொம்ப முன்னாடியே உண்டானது. இது இமயமலையில எடுத்தது. அங்க ஒரு காலத்துல கடல் இருந்துச்சு" என்று பொறுமையாக விளக்கினாய்.

"அப்போ இது சிப்பியா?" என்று பத்திரிகைக்காரனான நான் கேட்டதற்குத்தான் உனக்குக் கோபம் வந்தது.

"சிப்பி இல்லடா, பிராக்கியோபாட். சிப்பிக்கு ரெண்டு ஓடும் ஜோடி மாதிரி இருக்கும். இதுல மேல் ஓடு வேற, கீழ் ஓடு வேற. பேப்பர்ல சிப்பின்னு போட்டே, உன் வீட்டுப் பக்கமே வர மாட்டேன்."

இந்தக் கல்லில் இருப்பது இதுவரை யாரும் பெயரிடாத இனமாக இருக்கலாம் என்று நினைத்தாய். அப்படியானால் உன் மனைவியின் பெயரை வைப்பதாக இருந்தாய். "என் பேரு ரேஷன் கார்டுல இருக்கு, அது போதும்" என்பார் அவர். ஆனால் யார் வந்தாலும் காபியோடு கல்லையும் கொண்டுவந்து வைப்பார்.

இரண்டு ஓடுகளும் சேரும் கீல் மட்டும் உடைந்திருந்தது. கீலைப் பார்க்காமல் புது இனம் என்று சொல்ல நீ தயாராக இல்லை. முழுசாக இன்னொன்று கிடைக்குமா என்று அதே மலைச் சரிவுக்குத் திரும்பத் திரும்பப் போனாய். கிடைக்கவில்லை. பிறகு நெஞ்சுவலி வந்தது. இனி மலை ஏறக் கூடாது என்றார் டாக்டர்.

"பேரை வச்சிடு. யாரு வந்து கேக்கப் போறாங்க?" என்றேன்.

"யாரும் கேக்க மாட்டாங்க. அதான்டா பயம். அவ பேரைச் சந்தேகத்து மேல வைக்க முடியாது."

நீ போன அன்று மாலை, உன் வீட்டு வாசலில் நின்று இரங்கல் குறிப்பை அலுவலகத்துக்குப் போனில் சொல்லிக்கொண்டிருந்தேன். "சார், புது இனம் கண்டுபிடிச்சவர்னு ஒரு வரி இருந்தா தலைப்பு நல்லா வரும்" என்றார் செய்தி டெஸ்க்கில் இருந்தவர். ஸ்பீக்கரில் அது உன் மனைவிக்கும் கேட்டது. அந்த வரி அவருக்குச் சேர வேண்டியது என்றே எனக்குத் தோன்றியது. அவர் முகத்தைப் பார்த்தேன்.

"வேணாம் அண்ணா. கீல் கிடைக்கலையே" என்றார். உள்ளே போய்க் கல்லை எடுத்துவந்து என் கையில் வைத்தார்.

இப்போதும் செய்தியில் ஒரு வரி அழகாக வந்து விழுந்தால் கை தானாக இந்தக் கல்லிடம் போகிறது. உடைந்த இடத்தில் விரல் நிற்கிறது. அந்த வரிக்குக் கீல் இருக்கிறதா என்று பார்க்கிறேன். இல்லையென்றால் வரியை அடித்து நீக்கிவிடுகிறேன்.