எல்லோரும் வீட்டாட்கள்

3 மார்ச் 2024, ஞாயிறு
ரேஸ் கோர்ஸ் ரோடு திடலில் வழக்கம்போல் பாய் விரித்து உட்கார்ந்தோம், தொண்டர்களான நானும் யாக்கூப்பும். புகார் சொல்ல வந்த தொழிலாளிகள் பதினொரு பேர். அதில் முத்தையாவுக்குக் கட்டட வேலையில் மூன்று விரல் நசுங்கிவிட்டது. கம்பெனி ஆட்கள் கையில் சிக்கினால் ஊருக்கு விமானம் ஏற்றிவிடுவார்கள், வழக்கு அவ்வளவுதான். புக்கிட் பாஞ்சாங்கில் ஒரு வீட்டில் ஒளித்து வைத்திருக்கிறோம்.

"நான் இருக்கிற எடம் யாருக்கும் தெரியாதுல்லக்கா?"

தெரியாது என்றேன். பதினொரு பேர் சொன்ன புகாரும் முகவரியும் பொங்கோலில் என் வீட்டுக் கணினியில் மட்டும்தான்.

5 மார்ச்
யாக்கூப்புக்கும் பட்டியல் வேண்டுமாம். "ஒவ்வொரு தடவையும் உங்களுக்கு போன் அடிச்சுக்கிட்டு இருக்க முடியாது லா."

6 மார்ச்
அரை நாள் லீவு. யாக்கூப் வெளியிலிருந்தே பட்டியலைப் பார்க்க, அதே கணினியில் ரிவர்ஸ் ப்ராக்ஸி போட்டேன். வெளியிலிருந்து வருபவர் அதனிடம்தான் பேச முடியும். அது உள்ளே போய்ப் பக்கத்தை வாங்கிக் கொடுக்கும். பிரவுசரில் இணைய முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படமும் வந்துவிட்டது. யாக்கூப்: "தட்டின உடனே திறந்திருச்சுக்கா!" எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

8 மார்ச்
முத்தையாவின் பக்கம் இன்று பதினான்கு தடவை திறக்கப்பட்டிருக்கிறது. வந்தது யார் என்ற இடத்தில் என் கணினியின் எண்ணே நிற்கிறது. என் கணவர் கீதன், "நீயே திறந்துட்டு மறந்திருப்ப" என்றார். இருக்கும்.

பதினான்கு தடவையா?

10 மார்ச், ஞாயிறு
திடலில் யாக்கூப்பிடம் கேட்டேன். அவன் திறந்தது ஒரே தடவை. லிங்க்கை மட்டும் தொண்டர் குழுவில் போட்டிருக்கிறான், அறுபது பேர். "பாஸ்வேர்ட் இல்லாம யாரு பாக்க முடியும்? என்கிட்ட பாஸ்வேர்ட் கேக்கலதான். என் போன உங்க கணினிக்குத் தெரியும்ல, அதனாலன்னு நெனச்சேன்."

ஐயோ. போன வருஷம் கீதன் சலித்துக்கொண்டார் என்று — வீட்டுக்குள்ள எதுக்கு பாஸ்வேர்ட் — வீட்டிலிருந்து வந்தால் கேட்காதே என்று வைத்தது நான்தான். ப்ராக்ஸி வீட்டுக்குள்தானே இருக்கிறது! அது வழியாக எவன் வந்தாலும் வீட்டாள். பாவி, நானே எல்லாத்தையும் திறந்து விட்டுட்டேனே.

கீதனைப் போனில் கூப்பிட்டுக் கணினியின் மின் இணைப்பைப் பிடுங்கச் சொன்னேன். அடுத்து முத்தையாவுக்கு அடித்தேன். உடனே எடுத்தார்.

"சொல்லுங்கக்கா. நீங்க அனுப்புன வேன் வந்திருச்சு. ஏறிட்டேன்."

நான் வேன் அனுப்பவில்லை. சொல்வதற்குள் கட்டாகிவிட்டது.

13 மார்ச்
முத்தையா பேசினார், புதுக்கோட்டையிலிருந்து. "உங்க பேரச் சொன்னாங்கக்கா. பாயில உக்காந்து நான் உங்ககிட்ட சொன்னத அப்படியே சொன்னாங்க. அதான் நம்பிட்டேன்." திட்டக்கூட இல்லை. திட்டியிருக்கலாம்.

மற்ற பத்துப் பேரையும் இடம் மாறச் சொல்லி ஞாயிற்றுக்கிழமையிலிருந்தே கூப்பிடுகிறேன். மூன்று பேர் இன்னும் எடுக்கவில்லை.

அவர்களில் ஒருவர் இப்போது எடுத்தார். "வேன் கீழ நிக்குதுன்னு இப்பதான் மெசேஜ் போட்டீங்க. மறுபடியும் என்னக்கா?"