வெந்நீரும் ஐஸும் உள்ள வீடு

பிப்ரவரி 6

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

போன்ல பேசினா ரூம்ல நாலு பேர் காதைத் தீட்டிக்கிட்டு இருக்காங்க, அதான் எழுதறேன். வேலையில சேர்ந்துட்டேன். இந்த ஃபுட்பால் டீம்ல எவனுக்குக் கால் பிசகினாலும், தசை பிடிச்சாலும் என்கிட்டதான் வரணும். "டாக்டர் சார்"ங்கறாங்க. நான் டாக்டர் இல்லப்பான்னா கேக்கறதில்லை.

சம்பளம் ரெண்டு மடங்குதான். ஆனா இந்த ஊர் வாடகையைக் கேட்டா தலை சுத்துது. முக்கால் சம்பளம் அதுக்கே போயிடும், அட்வான்ஸ் தனி. பாப்பா ஸ்கூல் லீவுக்குள்ள எப்படியாவது வீடு பார்த்துடறேன்.

உன்னவன்

பிப்ரவரி 19

பாப்பா அப்பாவுக்கு,

சம்பளம் எவ்வளவுன்னு கேட்டீங்களே, வாடகை எவ்வளவுன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா? உங்களைச் சொல்லி என்ன, நானும்தான் ரெண்டு மடங்கு ரெண்டு மடங்குன்னு தெருவெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். பாப்பா உங்க தலகாணியை யாரையும் தொட விடறதில்லை. எலிப் பொந்தா இருந்தாலும் பரவாயில்லை, எங்களைக் கூப்பிட்டுக்கோங்க. ஜன்னல் அளவு எழுதுங்க, கர்ட்டன் தைச்சு எடுத்துட்டு வரேன்.

குட்டிம்மா

மார்ச் 21

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

வீடு கிடைச்சாச்சு. பெரிய ஹால், மூணு கட்டில். நாள் பூரா வெந்நீர், ஐஸ் மெஷின்கூட இருக்கு. வாசல்ல வாட்ச்மேன். வேலைக்குப் பஸ் செலவே இல்லை. ஜன்னல் ஆறடி அகலம், நாலடி உயரம். சின்னச் சின்ன வேலை பாக்கி இருக்கு. முடிஞ்சதும் நானே கூப்பிடறேன், அவசரப்படாதே.

உன்னவன்

ஏப்ரல் 14

பாப்பா அப்பாவுக்கு,

போன வாரம் நாங்க அங்க வந்தோம். சொல்லாம வந்து அசத்தணும்னு நினைச்சேன். மருந்துக்கடை வேலையை விட்டேன், வீட்டையும் காலி பண்ணேன். கவர்ல இருந்த விலாசத்துக்கு வந்தா அது ஸ்டேடியம். வாட்ச்மேன்தான் உள்ளே கூட்டிட்டுப் போனார். "டாக்டர் சார் இங்கதாம்மா படுக்கறார், வெளியே சொல்லிடாதீங்க, தெரிஞ்சா வேலை போயிடும்"னார். அடிபட்டவங்களைப் படுக்க வைக்கிற மேசை மூணு. ஐஸ் மெஷின் மேல உங்க துண்டு காயுது. நீங்க எழுதினதுல ஒண்ணுகூடப் பொய் இல்லை, அதுதான் வயிறு எரியுது.

ஜன்னல் வழியா உங்களைப் பார்த்தேன். மைதானத்துல மண்டி போட்டு ஒரு பையன் கால்ல கட்டுப் போட்டுக்கிட்டு இருந்தீங்க. ரொம்ப இளைச்சுட்டீங்க. கூப்பிட்டா விஷயம் வெளியே தெரிஞ்சு வேலை போயிடுமோன்னு கூப்பிடலை. பாப்பா தோள்ல தூங்கிட்டா, அப்படியே திரும்பிட்டேன்.

இங்க வந்தா நம்ம வீட்டுல வேற ஆள் குடிவந்தாச்சு. கடையிலயும் வேற பொண்ணு. அண்ணன் வீட்டு ஹால்ல ஒரு ஓரமா இருக்கோம். அண்ணி முகத்தைத் தூக்கிக்கிட்டுத்தான் சோறு போடறா. வேலையை விட்டுட்டு வாங்கன்னு சொல்லவும் முடியலை, வந்தா எங்க வருவீங்க?

ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இனிமே வீடு பார்த்துட்டேன்னு மட்டும் எழுதாதீங்க. எழுதினா மறுபடியும் நம்பிடுவேன்.

குட்டிம்மா