சோதனைக்கு வந்த தாய்மாமன்

மார்ச் 4

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று நீங்கள் எழுதினால்தான் எனக்குத் தெரியும். போனில் கேட்டால் 'அதுக்கென்ன, நல்லாத்தான் இருக்கு' என்று அம்மா பேச்சை முடித்துவிடுகிறாள்.

அறை கிடைத்துவிட்டது. மூன்றாவது மாடி, ஒரே ஜன்னல், அதற்கு எதிரே அடுத்த வீட்டு ஜன்னல். குழாயைத் திறந்தால் முதலில் இருமும், அப்புறம்தான் தண்ணீர் வரும். வேலை பிடித்திருக்கிறது. பல் செட் செய்யும் லேப், மொத்தம் ஆறு பேர். எனக்கு முன்மேசை. பல் டாக்டர்கள் அனுப்புகிறவர்களை ஜன்னல் வெளிச்சத்தில் உட்காரவைத்து, நிற அட்டையை வாய்க்குப் பக்கத்தில் பிடித்து, புதுப் பல்லுக்கு எந்த நிறம் பொருந்தும் என்று குறித்துக் கொடுக்க வேண்டும். பல்லில் பதினாறு வெள்ளை இருக்கிறது அப்பா, நம்புவீர்களா? வேலை இல்லாத நேரத்தில் மெழுகில் பல் செதுக்குவேன். முதலாளியம்மாவுக்கு என் கண்மேல் நம்பிக்கை வந்துவிட்டது. மற்ற விஷயம் இங்கே யாருக்கும் தெரியாது. நான் ஒரு பெண், பல்லுக்கு நிறம் பார்க்கிறவள், அவ்வளவுதான்.

ஆனால் கை நடுங்குகிறது. நான் திருநங்கை என்று தெரிந்ததும் பழைய வேலையில் என்ன நடந்தது, எப்படி வெளியே அனுப்பினார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அதிலிருந்து, பின்னால் யாராவது நாற்காலியை இழுத்தால்கூட நெஞ்சு படபடக்கிறது. போன வாரம் செதுக்கிய பல் இரண்டு வீணாகிவிட்டது.

இதற்காக ஒரு மனநல ஆலோசகரிடம் போனேன். வரவேற்பறையில் பெரிய மீன்தொட்டி வைத்திருந்தார். 'கை நடுங்குது சார்' என்றேன். 'எப்ப பொண்ணா மாறணும்னு தோணுச்சு?' என்றார். பெண்ணாக இருப்பது எனக்கு வியாதி இல்லை, நடுக்கம்தான் வியாதி என்றேன். நன்றாகத் தலையாட்டிவிட்டு மறுபடியும் அதையே கேட்டார். அடுத்த தடவை அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார். எனக்கு முப்பத்தொரு வயது!

விஷயம் தெரிந்தவராக, ரகசியம் காக்கத் தெரிந்தவராக ஒருவர் கிடைத்தாக வேண்டும். இல்லையென்றால் இந்த வேலையும் கையைவிட்டுப் போய்விடும்.

உங்கள் மகள்


மார்ச் 12

என் பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்தது. அம்மா இரண்டு தடவை வாசிக்கச் சொன்னாள். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. படி இறங்கும்போது என்னைத் திட்டுகிறாள், ஏறும்போது மூச்சு வாங்குவதால் திட்டுவதில்லை.

நீ போனில் என்னோடு பேசுவதில்லை என்று அம்மாவுக்குக் குறை. எனக்கு இல்லை. நாம் பேசினால் மூன்றாவது நிமிஷம் சண்டை வரும். எழுத உட்கார்ந்தால், மூக்குக்கண்ணாடியைத் தேடி முடிப்பதற்குள் பாதிக் கோபம் ஆறிவிடுகிறது. கடிதம்தான் நமக்கு லாயக்கு.

ஒன்று சொல்கிறேன், கேள். முப்பத்துநாலு வருஷம் கடைகடையாகப் போய்த் தராசு சோதித்தவன் நான். அதிகாரியாகப் போனால் எல்லாத் தராசும் ஒழுங்காக நிற்கும். அதனால் முதலில் முகம் தெரியாத ஆளை அனுப்பி ஒரு கிலோ வாங்கச் சொல்வோம். அவர் வெளியே வந்ததும் நாங்கள் நிறுத்துப் பார்ப்போம். அப்போது தெரியும் கடைக்காரர் யோக்கியதை. ஆலோசகரும் அப்படித்தான். மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போது எல்லோரும் நல்லவர்கள்தான்.

அந்த மீன்தொட்டிக்காரர் பெயரையும் போன் நம்பரையும் எழுது. இனிமேல் யாரிடமாவது போவதாக இருந்தால் அவர்களுடையதையும் எழுது. சும்மா, தெரிந்து வைத்துக்கொள்ளத்தான்.

உள்ளே என்ன பேசினாய் என்று நீ முழுதாக எழுதவில்லை. என்னைப் பற்றி ஏதாவது சொன்னாயா?

உன் அப்பா


மார்ச் 25

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்களைப் பற்றிப் பேச்சே வரவில்லை. நிம்மதியாக இருங்கள்.

இரண்டாவதாக ஒருவரிடம் போனேன். நல்ல மனுஷி, குரலில் அத்தனை கனிவு. பத்தாவது நிமிஷம் கதவைத் திறந்து தன்னிடம் பயிற்சிக்கு வரும் மூன்று மாணவிகளை உள்ளே அழைத்து, 'இவங்களும் தெரிஞ்சுக்கணும்ல' என்றார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன்.

அப்புறம்தான் புத்தி வந்தது. இந்த ஊரில் தையல்கடை வைத்திருக்கும் ஒரு அக்கா இருக்கிறாள், அவளும் என்னைப் போலத்தான். அவளிடம் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். யாரிடம் போகலாம், யாரிடம் போகக்கூடாது என்று எங்களவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லி வைத்திருக்கிறார்கள். மீன்தொட்டி என்றதுமே தையல்கார அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். 'போறதுக்கு முன்னாடி போன்லயே கேளுடி' என்று சொல்லிக் கொடுத்தாள். எங்களைப் போன்றவர்களைப் பார்த்த அனுபவம் உண்டா, குடும்பத்தின் சம்மதம் கேட்பீர்களா, எழுதி வைப்பதை யார் யார் படிப்பார்கள்? இந்த மூன்றும்தான் கேள்வி.

அவள் சொன்ன ஒருவருக்குப் போன் செய்தேன். சாவிக்கடைக்கு மேலே, குறுகலான படி ஏறிப் போக வேண்டும், அதனால் எங்களவர்கள் மாடிப்படியம்மா என்கிறார்கள். பார்த்த அனுபவம் உண்டு என்றார். எழுதுவதை அவரைத் தவிர யாரும் படிக்க மாட்டார்கள், நான் கேட்டால் எனக்கே காட்டுவாராம். 'சம்மதம் உங்களோடது மட்டும் போதும். எனக்குத் தெரியாதது வந்தா தெரியாதுன்னு சொல்லிடுவேன்' என்றார். கடைசியில், திரும்பக் கூப்பிட வேண்டியிருந்தால் போனில் எந்தப் பெயரைச் சொல்லலாம் என்று கேட்டார். இதுவரை யாரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை.

ஏப்ரல் ஒன்பதாம் தேதி நேரம் கொடுத்திருக்கிறார். நீங்கள் கேட்ட பெயர்களும் நம்பர்களும் பின்பக்கத்தில் இருக்கின்றன.

உங்கள் மகள்


ஏப்ரல் 2

என் பிள்ளைக்கு,

அந்த மாடிப்படியம்மாவிடமே போ. கண்ணை மூடிக்கொண்டு போ. எப்படித் தெரியும் என்று கேட்காதே, தராசு பார்த்த கண் என்று வைத்துக்கொள்.

மீன்தொட்டிக்காரர் பக்கம் தலைவைத்துப் படுக்காதே. சரியான ஓட்டை வாய். இரண்டாமவரும் அரைகுறைதான்.

இந்த வாரம் மனசுக்குத் தெம்பாக இருக்கிறது. பென்ஷன் வாங்கிய பிறகு உருப்படியாக ஒரு வேலை செய்தது போல இருக்கிறது. அம்மா 'என்ன, முகமெல்லாம் ஒரே சிரிப்பு' என்று கேட்கிறாள்.

உன் அப்பா


ஏப்ரல் 11

அப்பா,

ஒன்பதாம் தேதி மாடிப்படியம்மாவைப் பார்த்தேன். உட்கார்ந்ததும் அவர் சொன்ன முதல் விஷயம் இது:

'பத்து நாளைக்கு முன்னாடி ஒருத்தர் போன் பண்ணினாரு. தாய்மாமன்னு சொன்னாரு. எங்க அக்கா பொண்ணு உங்ககிட்ட வருதா, என்ன சொல்லுதுன்னு உங்க பேரைச் சொல்லிக் கேட்டாரு. இங்க யார் வர்றாங்க, யார் வரலைங்கிறதை யாருக்கும் சொல்றதில்லைன்னு சொல்லிட்டேன். மூணு தடவை மாத்தி மாத்திக் கேட்டாரு. கடைசியில ரொம்ப சந்தோஷமா, எடை சரியா இருக்குன்னு சொல்லிட்டு வச்சுட்டாரு. இது உங்களுக்குத் தெரியணும்.'

எனக்குத் தாய்மாமனே கிடையாது. எடை சரியாக இருக்கிறது என்று சொல்கிறவர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான்.

இதோடு போயிருந்தால் சிரித்திருப்பேன். போன திங்கட்கிழமை, லேபுக்கு வழக்கமாக வரும் பல் டாக்டர் ஒருவர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். உள்ளே போய் முதலாளியம்மாவிடம் ஏதோ பேசினார். சாயங்காலம் முதலாளியம்மா என்னைக் கூப்பிட்டு, 'கொஞ்ச நாள் உள்ள மேசையில இரும்மா, முன்னாடி வேண்டாம்' என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அந்த டாக்டர் மீன்தொட்டிக்காரருக்கு நண்பராம். நான் மீன்தொட்டிக்காரரிடம் வேலை செய்யும் இடத்தைச் சொல்லவே இல்லை அப்பா. அவர் கொடுத்த படிவத்தில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு வந்தேன். பயந்துதான் விட்டேன். அதை நிரப்பியது நீங்கள்.

ஜன்னல் இல்லாத மேசையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்தாலே தெரியும், கை எப்படி நடுங்குகிறது என்று.

இன்னும் ஒன்று. முன்பின் தெரியாத மூன்று பேரிடம் 'எங்க அக்கா பொண்ணு' என்று சொல்ல உங்களுக்கு வாய் வந்திருக்கிறது. எனக்கு எழுதும்போது மட்டும் மூன்று வருஷமாகப் 'பிள்ளை'.

அம்மாவோடு பேசுவேன். உங்களுக்கு இனி எழுத மாட்டேன்.


ஏப்ரல் 20

என் பிள்ளைக்கு,

இப்படி எழுதக்கூடாது என்றுதான் உட்கார்ந்தேன். கை பழக்கத்தில் எழுதிவிட்டது. அடித்துத் திருத்தினால் அசிங்கமாக இருக்கும், அதனால் விட்டுவிட்டேன்.

செய்தது நான்தான். மூன்று பேருக்கும் போன் செய்தேன். நான் உண்மையான சொந்தக்காரன் என்று அவர்கள் நம்ப வேண்டுமே என்று உன் பெயரைச் சொன்னேன். மீன்தொட்டிக்காரர் முதலில் கொஞ்சம் தயங்கினார். உடனே நான் 'பல் லேப்ல வேலை பாக்குதே, அந்தப் பொண்ணு' என்றேன். அதற்கப்புறம் அவர் கொட்டியதை நான் இங்கே எழுதப்போவதில்லை. ஓட்டை வாய் என்று கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில், அதில் ஊற்றியது நான்தான் என்று எனக்கு உறைக்கவே இல்லை.

நாங்கள் சோதனைக்குக் கொண்டுபோகும் எடைக்கற்களை வருஷத்துக்கு ஒரு தடவை தலைமை அலுவலகத்துக்கு அனுப்பி அதையே சோதிக்க வேண்டும். அது சரியில்லாவிட்டால் ஊரில் உள்ள தராசையெல்லாம் குறை சொல்ல எங்களுக்கு யோக்கியதை கிடையாது. சர்வீஸில் ஒரு வருஷம்கூட நான் அதைத் தவறவிட்டதில்லை. வீட்டில் அந்தப் பழக்கம் இல்லாமல் போய்விட்டது.

உன் முதலாளியம்மாவுக்கு எழுதி விளக்கட்டுமா என்று அம்மாவிடம் கேட்டேன். பேனாவைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள். 'இன்னும் பேச வேணாம், போதும்' என்றாள். இந்தக் கடிதத்துக்காக மட்டும் திருப்பிக் கொடுத்தாள்.

மன்னித்துக்கொள் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன். மன்னித்துக்கொள்.

உன் அப்பா


ஜூன் 3

என் மகளுக்கு,

போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை. வராது என்று தெரியும். நீ மாடிப்படியம்மாவிடம் வாராவாரம் போகிறாய் என்று மட்டும் அம்மா சொன்னாள். வேறு எதுவும் அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நான் கேட்காமல் இருப்பது அம்மாவுக்கே பயமாக இருக்கிறதாம், உடம்புக்கு ஏதாவதா என்று நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறாள்.

தபால் நிலையத்துக்குப் பின்னால் ஒரு ஆலோசகர் இருக்கிறார், வயதில் உன்னைவிடச் சின்னவராக இருப்பார். போன மாதம் அவரிடம் போனேன். நான்தான், எனக்காகத்தான். போவதற்கு முன்னால் அம்மாவை விட்டுப் போன் செய்யச் சொல்லி ஆளைச் சோதிக்கலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. அம்மா பார்த்த பார்வையில் அது போய்விட்டது. நீ சொன்ன மூன்று கேள்விகளை மட்டும் நானே கேட்டேன். எழுதுவதை யார் படிப்பார்கள் என்பதைக் கடைசியாகத்தான் கேட்டேன். அந்தக் கேள்வியைக் கேட்பதே எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. நீ அதை எத்தனை கதவைத் தட்டிக் கேட்டிருப்பாய்.

இதுவரை மூன்று தடவை போயிருக்கிறேன். உள்ளே என்ன பேசினேன் என்று நீ கேட்டாலும் சொல்ல மாட்டேன். அம்மாவுக்கும் சொல்லவில்லை.

ஒன்றே ஒன்றை மட்டும் சொல்லலாம் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அது உன்னுடையது. முதல் நாள் அவர், 'யாரைப் பத்திப் பேச வந்திருக்கீங்க?' என்று கேட்டார். மாமன் வேஷம் போட்டுக்கொண்டு சொல்ல எளிதாக வந்த வார்த்தை, அப்பாவாகச் சொல்ல வேண்டியபோது உடனே வரவில்லை. அவர் அவசரப்படுத்தவில்லை. தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னேன். 'என் மகளைப் பத்தி.'

நீ பதில் எழுத வேண்டும் என்று இதை எழுதவில்லை.

உன் அப்பா


ஜூன் 14

அன்புள்ள அப்பாவுக்கு,

உள்ளே என்ன பேசினீர்கள் என்று கேட்கவில்லை. கேட்க ஆசையாகத்தான் இருக்கிறது.

கோபம் முழுதாகப் போகவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன், இல்லையென்றால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நீங்கள் அம்மாவிடம் போய்ச் சொல்வீர்கள்.

உள்மேசையில் ஒன்பது வாரம் இருந்தேன். எனக்குப் பதிலாக முன்மேசையில் உட்கார்ந்த பெண் நிறம் மாற்றி மாற்றிக் குறித்து, நாலு பேர் செட்டைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்கள். போன திங்கட்கிழமை முதலாளியம்மா நிற அட்டையை என் முன்னால் வைத்தார். 'அந்த டாக்டர் சொன்னது எனக்குத் தேவையில்லாத விஷயம். உன்னை உள்ள அனுப்பினது தப்பு' என்றார். உட்கார்ந்து பேச நேரமில்லாத மனுஷி, நின்றபடியே சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்கு அது போதுமா என்று இன்னும் தெரியவில்லை. இந்த வியாழக்கிழமை அதைத்தான் மாடிப்படியம்மாவிடம் பேசப்போகிறேன். நடுக்கம் குறைந்திருக்கிறது. இந்த மாதம் ஒரு பல்கூட வீணாகவில்லை.

உங்கள் கடிதத்தைத் தையல்கார அக்காவின் கடையில் உட்கார்ந்து படித்தேன். மேலே எழுதியிருந்த இரண்டு வார்த்தைக்கு அப்புறம் மற்றதைப் படிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு என் நம்பருக்குப் போன் செய்யுங்கள். அம்மாவின் போனில் வேண்டாம், உங்கள் போனிலிருந்தே செய்யுங்கள். என் குரலைக் கேட்டு மூன்று வருஷம் ஆகிறது, வேறு யாரோ என்று நினைத்து வைத்துவிடாதீர்கள். மூன்றாவது நிமிஷம் சண்டை வந்தால் வரட்டும், அன்று எனக்கு விடுமுறைதான்.

எடுத்ததும் 'யார் பேசுறது?' என்று வேண்டுமென்றே கேட்பேன். தாய்மாமன் என்று சொல்லாதீர்கள். அப்பா என்று சொன்னால் போதும்.

உங்கள் மகள்