மஞ்சள் பட்ட கவர்

அன்றைக்கு உன் வீட்டில் இருந்தவர்கள் ஐந்து பேர். உயில் எழுதச் சொன்ன நீ. எழுதிய பத்திர எழுத்தர் பரமசிவம். அவரோடு சாட்சிக் கையெழுத்துப் போட்ட பக்கத்துத் தறிக்காரர் மாடசாமி அண்ணாச்சி. வெந்நீர் கொண்டுவந்த நான். ஐந்தாவது ஆள், வாசல் நிலையில் சாய்ந்து நின்ற உன் அண்ணன். அவன் பேரைக் கடைசியில் சொல்கிறேன்.

இன்று காலை உன் உயிலைப் போட்டுவைத்த கவரைப் பார்த்தேன், எய்யா.

அதன் நாலு மூலையிலும் அரைத்த மஞ்சளை வைத்தது நான்தான். நம் வீட்டுக்கு எந்தப் பத்திரம் வந்தாலும் வைக்கிறதுதானே. உனக்கு மூச்சு வாங்கியது, ஆனாலும் சிரித்தாய். "ஏம்மா, கல்யாணப் பத்திரிகையா இது? சாகப்போறவன் எழுதுதேன்." உன் வாயிலே ஒண்ணு போடலாம் போல இருந்தது எனக்கு. வீடும் தறி ஷெட்டும் உன் பிள்ளைகள் ரெண்டு பேருக்கும் சரிபாதி என்று பரமசிவம் வாசித்தார். "தாயில்லாப் பிள்ளைகம்மா. வெளிய போன்னு யாரும் சொல்லிரக் கூடாது" என்றாய்.

உன் பதினாறாம் நாளன்று, ஆம்பிளை கையில் இருக்கட்டும் என்று கவரை உன் அண்ணனிடம் தூக்கிக் கொடுத்தேன். உன் மூத்தவள் செல்விக்கு இருபது வயசு, அவளிடம் கொடுத்திருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை. பிறகு அவள் போய்க் கேட்டபோது, "எந்த உயிலு? உங்க ஆச்சிக்கு வயசாயிட்டுல்லா, உளறுதா" என்றான். அதிலிருந்து நான் வாயைத் திறந்தாலே, இப்போது நான் இருக்கிற அவன் வீட்டில் டிவி சத்தம் கூடிவிடும்.

இன்று அதே கவரோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். புதுசாக ஒரு கவர் வாங்கக்கூட மனசு வராத கஞ்சன். உள்ளே உயில் இல்லை. வாரிசுச் சான்றிதழும் வேறொரு பத்திரமும் இருந்தன. உயில் இல்லையென்றால் உன் சொத்தில் பெத்தவளுக்கும் ஒரு பங்கு உண்டாம். அதை நான் அவனுக்கு எழுதிக் கொடுக்க வேண்டுமாம்.

"நாளைக்குப் பத்து மணிக்குக் கார் வரும். ரிஜிஸ்டர் ஆபீஸ்ல பேசாம கையெழுத்தப் போடு."

"போடலன்னா?"

"இந்த வயசுல எங்கன போவ?" மெதுவாகத்தான் கேட்டான். கத்தியிருந்தால் நான் பயந்திருக்க மாட்டேன்.

அவன் காபி குடிக்கப் போன நேரம் காகிதங்களை மேசையில் வைத்துவிட்டு, வெறுங்கவரை மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டேன்.

நாளைக்குக் காரில் ஏறுவேன். செல்வி முதல் பஸ்ஸில் வாசுதேவநல்லூர் போய், தன் மகள் வீட்டில் இருக்கும் மாடசாமி அண்ணாச்சியைக் கூட்டிக்கொண்டு நேரே ஆபீஸுக்கு வந்துவிடுவாள். கையெழுத்து எங்கே என்று கேட்கிற அதிகாரியிடம் இந்த மஞ்சள் கவரைக் காட்டி, "என் மகன் உயில் எழுதியிருக்கான், சாட்சி இந்தா நிக்குதார்" என்று சொல்வேன். அப்புறம் நான் எந்த வீட்டுக்குத் திரும்புவேன் என்று தெரியவில்லை.

என் கல்யாணப் பந்தியில் என்னை எழுப்பிவிட்ட உன் அத்தையைக்கூட, அவள் கிடையில் விழுந்தபோது போய்ப் பார்த்துப் பொறுத்தேன். என்னால் பொறுக்கவே முடியாதவன் ஒருத்தன்தான். உனக்கு முன்னால் நான் பெத்த முருகையா.