ஒரே அச்சு முகம்

ஜூன் 3, திங்கள்

சலவைக் கடையில் இன்று நூற்றுப் பன்னிரண்டு உருப்படிக்கு எண் சீட்டு குத்தினேன். ஊக்கு குத்தாத விரல் பாக்கியில்லை.

மத்தியானம் டெய்லரம்மா புடவை வாங்க வந்தார். என்னைத் தங்கை என்று நினைத்துவிட்டார். நாங்கள் இரட்டையர், நான் ஏழு நிமிடம் மூத்தவள். “உங்கக்கா பண்ணின காரியத்துக்கு நீ என்னம்மா செய்வே, பாவம்” என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

“பரவாயில்லைங்க” என்றேன்.

பரவாயில்லையாம்! என் முகத்தில் நானே காறித் துப்ப வேண்டும். அது அவள் முகமும்தானே என்று விட்டேன்.

ஜூன் 4

இரண்டு நிமிடம் நல்ல பெண்ணாக இருந்தது சுகமாகத்தான் இருந்தது. அதுதான் கேவலம்.

ஜூன் 9, ஞாயிறு

எழுதித் தொலைக்கிறேன். போன வருடம் தங்கை ப்ளஸ் டூ கணக்கில் தவறினாள். மறுதேர்வன்று பயந்து அழுதாள். “நீ போனா தேறவே மாட்டே, நான் எழுதறேன்” என்று ஹால் டிக்கெட்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன். வேண்டாம் வேண்டாம் என்றுதான் கத்தினாள். ஒரு மணி நேரத்தில் கூடுதல் தாள் கேட்டேன். அவள் ஜென்மத்தில் கணக்குக்குக் கூடுதல் தாள் கேட்டதில்லை. மேற்பார்வைக்கு நின்றது எங்கள் கணக்கு டீச்சர்! அங்கேயே பிடிபட்டேன். என் கல்லூரி இடம் போயிற்று. அவளுக்குத் தேர்வெழுத ஒரு வருடம் தடை. அன்றிலிருந்து என்னோடு பேச்சில்லை.

ஜூன் 17

தடை முடிந்து டியூஷன் சேரப் போனவளை சார் திருப்பி அனுப்பிவிட்டாராம். “ஆள் மாறி எழுதின பொண்ணு நீதானே?” இந்தப் பக்கம் வேறு டியூஷன் கிடையாது. அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். ‘அது எங்கக்கா’ என்று அவள் வாயைத் திறக்கவே இல்லையாம்.

ஏன்டி சொல்லலை? எனக்காகவா? அய்யோ, நாலு வார்த்தை திட்டியிருக்கலாமே நீ.

ஜூன் 18

லீவு போட்டுவிட்டு டியூஷனுக்குப் போனேன். இருபது பிள்ளைகள் முன்னால், “நான்தான் சார் எழுதினேன். அவ இல்லை” என்றேன்.

“ரெண்டு பேரும் ஒரே அச்சு. எதை நம்பறது?”

போர்டில் ஒரு கணக்கு பாதியில் நின்றது. அதைப் போட்டு முடித்து, இது அவளுக்கு வராது சார் என்றால் நம்பிவிடுவார். நாக்கு நுனிவரை வந்தது. முழுங்கினேன்.

“எங்கம்மாவைக் கூட்டிட்டு வரேன் சார்.”

பின் வரிசையில் சிரித்தார்கள். சார் சிரிக்கவில்லை. “வேண்டாம். இந்த அவமானத்தை எவளும் கேட்டு வாங்கிக்க மாட்டா. அவளை அனுப்பு. நீ இந்தப் பக்கம் வராதே.”

ஜூன் 20

நான்தான் அந்த அக்கா என்று டெய்லரம்மாவிடமும் சொல்லிவிட்டேன். துணியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஜூலை 6, சனி

தங்கை என் எதிரில் வந்து உட்கார்ந்து டியூஷன் நோட்டைத் தள்ளினாள். “இந்த ஒண்ணு மட்டும் புரியலை.”

ஒரு வருடத்துக்கு அப்புறம் என்னிடம் பேசுகிறாள். அவசரமாகப் பென்சிலை எடுத்தேன். வாங்கிக்கொண்டாள்.

“நீ எழுதாதே. வாயால சொல்லு.”

கையைக் கட்டிக்கொண்டு சொன்னேன்.