நாற்பத்தொன்றாம் வரி

ஆடி 7, திங்கள்

மழை. விடவே இல்லை. கரண்ட் வருவதும் போவதும். கீழ் ரோட்டில் மண் சரிவு, குன்னூர் பஸ் கிடையாது.

கிளார்க் அச்சுதன் மகள் பிரசவத்துக்கு லீவில் போய்விட்டார். இன்று முதல் எஸ்டேட் ஆபீஸ் கம்ப்யூட்டர் என் பொறுப்பு. அட்டெண்டர் மாணிக்கம் என்று கூப்பிட்டவர்கள் இனி யோசித்துக் கூப்பிட வேண்டும். படித்தது ஐந்தாவதுதான். ஆனால் இலங்கையில் தொரை பங்களா ரேடியோவைப் பிரித்து மாட்டியவன். மாட்டியபின் மூன்று ஸ்க்ரூ மிச்சம். ரேடியோ பாடியது.

அச்சுதன் சொல்லிப்போனது:
- காலையில் சுவிட்ச் போடு
- தேதி கேட்கும், மணி கேட்கும், அடி
- ஆள் லிஸ்டைத் திற, புதுப் பேரை ஏற்று
- நாலு மணிக்கு டெலிபோன் ஒயரை மிஷினில் மாட்டு. நம் மிஷினும் கு.ஆ. (குன்னூர் ஆபீஸ்) மிஷினும் பேசிக்கொள்ளும். இரண்டு லிஸ்டில் எது புதுசோ அது பழசின்மேல் ஏறும். பிறகு இரண்டும் ஒன்று.

தேதி அடிக்கவில்லை. சும்மா எண்டர் தட்டினேன், ஒத்துக்கொண்டது. அதற்குத் தேதி சொல்ல நான் என்ன காலண்டரா?

அக்கா மகள் லெட்சுமி பேரை 41ஆம் வரியில் ஏற்றினேன். கடைசிக் கப்பல்களில் வந்தவள். இரண்டு பிள்ளைகளோடு ஓடைக்கரையில் பிளாஸ்டிக் ஷெட். சனிக்கிழமைதான் மானேஜர் அவளை நிரந்தரமாக்கிக் கையெழுத்துப் போட்டார். வெள்ளி காலை கு.ஆ.வில் லிஸ்ட் பிரிண்ட். அதில் பேர் இருந்தால் லயத்து வரிசையில் காலியான வீடு அவளுக்கு. இல்லாவிட்டால் இந்த மழை முழுக்க ஷெட்.

நாலு மணி. ஒயர் மாட்டினேன். கீ என்று ஒரு சத்தம், தலைமன்னார் வரை கேட்டிருக்கும்.

ஆடி 8, செவ்வாய்

மழை. செருப்பு காயவில்லை.

லிஸ்டில் 40க்குப் பிறகு ஒன்றுமில்லை. லெட்சுமி போன இடம் தெரியவில்லை. கு.ஆ. மிஷினைப் பார்க்கும் ரேவதிக்குப் போன்.

"தங்கச்சி, எங்க புள்ள பேர எங்க தூக்கிப் போட்டீங்க?"

"ஏனுங்ண்ணா, நாங்க தொடவே இல்லைங்க. உங்க லிஸ்ட் பழசுன்னு மிஷினு சொல்லுதுங்க. எங்குளுது அதுமேல ஏறிப்போச்சுங்க."

"நேத்து மத்தியானம் அடிச்சது பழசா?"

"மிஷினு பொய் சொல்லாதுங்க."

"அப்ப நான் சொல்றேனா?"

"அச்சுதன் சார் உங்களயப் பத்திச் சொல்லியிருக்காருங்க."

வைத்துவிட்டேன். என்ன சொல்லியிருப்பார்? லெட்சுமி பேரைத் திரும்ப அடித்தேன். நாலு மணிக்கு ஒயரை மாட்டி எதிரிலேயே உட்கார்ந்தேன். முடிந்ததும் திறந்து பார்த்தால் நாற்பதுதான்.

ராத்திரிக்கு மரவள்ளி, தொட்டுக்கக் கட்டசம்பல். உறைப்பு போதாது.

ஆடி 9, புதன்

மூன்றாம் முறை அடித்தேன். நாலு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது, நேற்றிலிருந்து மிஷினில் மாட்டியே இருந்த ஒயரைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். டெலிபோன் அலறியது. கு.ஆ. சூப்பரிண்டெண்ட்.

"யாருய்யா கனெக்‌ஷன எடுத்தது?"

"நான்தான் சார்."

"மாட்டுய்யா."

"மாட்டமாட்டேன் சார். இங்க நாப்பத்தொரு பேர் இருக்காங்க. உங்ககிட்ட நாப்பது. ஒரு ஆள அழிக்கிறதுக்கு நானே வழி விடணுமா?"

"உன்னய எங்க வைக்கணுமோ அங்க வைக்கிறேன்."

நாயர் கடையில் இதைச் சொன்னேன். கடையில் சொன்னபோது சூப்பரிண்டெண்ட் மன்னிப்பும் கேட்டார்.

சாயங்காலம் லெட்சுமி வந்தாள், தலையில் போட்ட கொங்காணிச் சாக்கிலிருந்து தண்ணீர் சொட்ட. "மாமா, ஒயர புடுங்கிட்டா என் பேரு இங்க மட்டுந்தானே இருக்கும்? பிரிண்டு அங்கயில்ல எடுக்கிறாங்க?"

மழை பலம் என்றேன்.

"பழசுன்னு எத வச்சுச் சொல்லுது? கப்பல் எறங்குனதும் மண்டபம் கேம்புல என் மூஞ்சிய ஒருத்தரும் பாக்கல. கடுதாசில என்ன தேதின்னுதான் பாத்தாங்க. தேதி தப்புன்னு நாலு மாசம் குந்த வச்சாங்க. அந்த மிஷினு என்ன தேதி போடுது மாமா?"

"அதெல்லாம் சரியாத்தான் போடும். நானில்ல வச்சிருக்கேன்."

போய்விட்டாள்.

ஆடி 10, வியாழன்

மானேஜர் வருமுன் போய்ப் பார்த்தேன். லிஸ்ட் பேருக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் தேதி: 1-1-80. கரண்ட் போனால் மிஷின் எல்லாவற்றையும் மறந்து அங்கே போய் நின்றுகொள்ளும்போல. அந்தத் தேதியில் நான் கப்பலே ஏறவில்லை. லெட்சுமிக்குக் கல்யாணமே ஆகவில்லை. மூன்று நாளாக நான் அடித்ததெல்லாம் அந்தக் காலத்து லிஸ்ட் ஆகிவிட்டது.

யார் தப்பு? கரண்டை நிறுத்தியது மழை.

சரி, எண்டர் தட்டியது நான்.

இன்றைய தேதி அடித்தேன். மணியும் அடித்தேன். இப்போது என் லிஸ்ட்தான் புதுசு. ஆனால் இது அங்கே ஏறினால், செவ்வாய் நாலு மணிக்குப் பிறகு அவர்கள் மாற்றியது போய்விடும். இதை யாரும் சொல்லித்தரவில்லை, சொந்த மூளை. ரேவதிக்குப் போன்.

"எங்க டிவிஷன்ல என்னென்ன மாத்துனீங்க? படி தங்கச்சி, ஏத்திக்கிறேன்."

"மூணுங்க. பன்னெண்டு பழனியம்மா, பிரசவ லீவுங்க. இருபத்தாறு காசிம், ஃபாக்டரிக்குங்க. அப்புறம்..." நிறுத்திவிட்டாள். "ஏழுங்ண்ணா."

ஏழு நான்.

"அட்டெண்டர எடுத்துட்டு கேட் வாட்ச்மேன்னு நேத்து சார் மாத்தச் சொன்னாருங்க." குரலை இறக்கினாள். "அத நீங்க ஏத்தலைன்னா எங்க மிஷின்லயும் போயிருமுங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டனுங்க."

ஒரு பீடி பிடிக்கும் நேரம் யோசித்தேன். பிடிக்கவில்லை, ஆபீஸில் கூடாது. ஏழில் பொய் இருந்தால் நாற்பத்தொன்றையும் மாணிக்கம் அளந்தது என்பார்கள். ஊரில் என் பேர் அப்படி. இங்கிலீஷ் எழுத்தை ஒவ்வொன்றாகத் தேடி, ஒரே விரலால், என் கையாலேயே அடித்தேன்: கேட் வாட்ச்மேன்.

நாலு மணி. பையிலிருந்து ஒயரை எடுத்து மாட்டினேன். கீ. பத்து நிமிஷத்தில் போன்.

"நாப்பத்தொண்ணு இருக்குதுங்ண்ணா."

"ஏழு?"

"அதும் இருக்குதுங்க."

ஆடி 11, வெள்ளி

மழை விட்டது. பனிமூட்டம். காக்கிச் சட்டை, தோள் இரண்டு ஆளுக்குக் காணும்.

அச்சுதன் திரும்பிவிட்டார். பேத்தி. கு.ஆ.வில் பிரிண்ட் எடுத்தாயிற்று, 41 வரி என்று வெளியே வந்து சொன்னார். லெட்சுமி லயத்துக்குச் சட்டிப்பானை சுமக்கிறாள். கேட்டைத் தாண்டும்போது, "வாட்ச்மேன் மாமா, உள்ள போகலாமா?" என்றாள். பாஸ் கேட்டேன். சட்டியைக் காட்டினாள்.

பத்து மணிக்குக் கரண்ட் போய் வந்தது. கேட்டிலிருந்து ஆபீஸ் ஜன்னல் நன்றாகத் தெரியும். அச்சுதன் மிஷின்முன் உட்கார்ந்து, பேத்தி மூக்கைப் பற்றி மானேஜரிடம் பேசிக்கொண்டே விரலை எண்டர்மேல் கொண்டுபோனார்.

"சார்! தேதி! தேதிய அடிங்க!"

கொழுந்து நிறுக்க நின்ற கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

அடித்தார்.